கச்சானுக்கு எத்தனை பல்

பாலத்தை விட்டால்
பாம்பனில் மேடு கிடையாது.
காற்றுதான் மேடு.
ஆடியில் கச்சான் கிளம்பிவிட்டால்
ரோடு தட்டையாய்ப் படுத்துக் கிடக்கும்,
மண்டபம் நோக்கி மிதிப்பவள் மட்டும்
மலையேறிக்கொண்டிருப்பாள்.

கேரியரில் ஐஸ் கம்பெனி பில் புத்தகங்கள்.
கியர் சைக்கிள், பழசு.
தண்டவாள வேலைக்கு வந்த சர்வேயர்
மாற்றலாகிப் போகையில்
நாலாயிரத்துக்குக் கொடுத்தது.
எப்படி மாற்றுவதென்று அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

இடது கைக்கு முன்சக்கரப் பல்,
வலது கைக்குப் பின்சக்கரப் பல்.
அதற்குமேல் தெரியாது.
மூச்சு முட்டிய பிறகுதான் விசையைத் தட்டுவேன்.
கடகடவென்று
இரும்பை மென்று துப்பும்.

ஒருநாள் பாலத்தின் பாதி ஏற்றத்தில்
செயின் கழன்றே விழுந்தது.
பின்னால் மதுரை பஸ்,
விடாமல் ஹாரன்.
கைப்பிடிச் சுவரோரம் சாய்த்து
பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து
பெடலைக் கையால் மெல்லச் சுற்றினேன்.

ஏறிக்கொண்டது.
தானாக, சத்தமில்லாமல்,
வீட்டுப் பூனை மடியில் ஏறுவதுபோல.

விரலெல்லாம் கறுப்பு மசியோடு
கொஞ்சநேரம் நின்றேன்.
கீழே நீரோட்டம் தூண்களைச் சுற்றிப் போனது.
அப்படியென்றால் இத்தனை நாளும்
என் எடை முழுவதையும் அதன்மேல் ஏற்றிவிட்டு
நகரு நகரு என்றிருக்கிறேன்.

இப்போது ஏற்றத்துக்கு முன்பே மாற்றிவிடுகிறேன்.
கால் சுற்றும், ஆனால் அழுத்தாது
ஒரு அரைச்சுற்றுக்கு.
முன்னால் சின்னதுக்கு இறக்கிய கையோடு
பின்னால் இரண்டு பல் இறுக்கிவிட வேண்டும்,
இல்லையென்றால் கால் வெறுமனே பறக்கும்.
முன்னாலும் பெரிது பின்னாலும் பெரிது
ஆகாது. செயின் கோணிக்கொண்டு முனகும்.

காற்றையும் பல்லில்தான் அளக்கிறேன்.
நேற்று இருபத்தொன்று.
இன்று இருபத்தெட்டு,
அதற்குமேல் சைக்கிளில் பல் இல்லை.

கம்பெனி வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு
புத்தகங்களை மேசையில் வைத்தேன்.
சீனி இபுராகீம் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.
"எமரன்சி, எப்ப வந்தே?
சத்தமே கேக்கலையே!"

பாலம் இறங்கி ஐஸ் கம்பெனித் திருப்பத்தில்
நான் கடகடக்கிற சத்தம் கேட்டுத்தான்
தினமும் டீ சொல்வாராம்.

அன்றைக்கு டீ இல்லை.
மறுநாளும் இல்லை.

அதனால்
திருப்பத்துக்குப் பத்தடி முன்னால்
ஒரேயொரு முறை,
நன்றாக அழுத்தி மிதித்துக்கொண்டே
தப்பாக மாற்றுகிறேன்.