எந்தக் கிலோமீட்டரை எழுத?

விடிகாலை நாலே முக்காலுக்கு
மூக்கையா ஈகோவைக் கிளப்புவார்.
மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி.
சாவி திரும்பியதும் உள்ளே
தகர டப்பாவில் புளியங்கொட்டை குலுக்கும் சத்தம்.
பத்து எண்ணுவதற்குள் கொஞ்சம் அடங்கும்.
அதற்குள் வில்லாபுரத்தில் எங்கள் சந்து
ஒருமுறை புரண்டு படுத்திருக்கும்.

"டைமிங் செயின் இழுத்திருச்சு சார்,
டென்ஷனரும் போச்சு.
கத்துற வரைக்கும் ஓடும்" என்பார்,
மல்லிகைக் காம்பு ஒட்டிய கையை
வேட்டியில் துடைத்தபடி.
நான் என் குவாலிஸின் பானெட்டைத் தட்டுவேன்.
நமக்கு பெல்ட்டு. சத்தமே கிடையாது.

சகலை சேர்மத்துரை கொடுத்த வண்டி.
இரண்டாயிரத்து மூன்று மாடல், வெள்ளை,
ஒரே கை ஓட்டியது,
மீட்டரில் எழுபத்தெட்டாயிரம்.
சொந்தத்துக்குள் என்பதால் பேரம் பேசவில்லை.
தங்கபுஷ்பம் சாவிக்கொத்தில்
அன்றைக்கே ஒரு முருகனைக் கோத்துவிட்டாள்.

ஒரு லட்சத்தில் பெல்ட்டை மாற்று என்று
புத்தகத்தில் போட்டிருந்தது.
இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் பாக்கி இருந்தது.
விருதுநகரில் சேர்மத்துரை மகளுக்கு வளைகாப்பு.
உள்ளே ஒன்பது பேர், ஏழு வகைச் சாதம்,
கப்பலூர் டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம்,
பங்குனி வெயில்.

ஒரு டொக்.
அவ்வளவுதான்.
இன்ஜின் நின்றதே தெரியவில்லை,
ஸ்டியரிங் கல்லாய் இறுகும்வரை.
ஓரங்கட்டிச் சாவியைத் திருகினால்
வாளி அறுந்து விழுந்த கிணற்று ராட்டினமாய்
ஸ்டார்ட்டர் பாரமில்லாமல் சுற்றியது.
புளியோதரைத் தூக்கின் மூடியை
யாரோ திறந்து மூடினார்கள்.

மூக்கையாவுக்குத்தான் போன் போட்டேன்.
பூக்கூடை ஏற்றுகிற இடத்தில்
பட்டுச்சேலைகள் சம்மணமிட்டு உட்கார
எட்டுப் பேரையும் அள்ளிக்கொண்டு
சளசளவென்று போனது அந்த ஈகோ.
கண்ணுக்கு மறைந்த பிறகும்
காதில் இருந்தது கொஞ்ச நேரம்.

பழங்காநத்தம், லூர்துசாமி பட்டறை.
கவரைக் கழற்றிப் பெல்ட்டை உருவினார்.
ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை.
"செயினுன்னா முன்கூட்டித் திட்டும்.
இது கடைசி வரைக்கும் மரியாதையா இருக்கும்.
எட்டு வால்வும் வளஞ்சிருக்கும்,
ஹெட்ட இறக்கணும், நாப்பதாயிரம் வச்சுக்கங்க."

பிறகு, கழற்றிய கவரின் உள்பக்கத்தை
டியூப்லைட்டுக்குத் திருப்பினார்.
பெயிண்ட் பேனாவில்
முன்பின் தெரியாத மெக்கானிக்கின் கோணல் எழுத்து:
பெல்ட் மாற்றியது 14.6.11
1,12,350 கி.மீ.

இருவரும் டாஷ்போர்டை எட்டிப் பார்த்தோம்.
96,412.
நம்பிக்கையோடு நின்றது அது.

"யார்ட்ட வாங்குனீங்க?"
"சொந்தத்துலதான்."
"ம்."
அதற்கு மேல் பட்டறையில்
கம்ப்ரஸர் மட்டும் பேசியது.

போன் அடித்தது. சேர்மத்துரை.
"என்ன சகலை, வண்டி காலை வாரிருச்சாமே?
பிள்ளைக்கு வளையல் போட்டாச்சு.
சித்தப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."
பின்னால் குலவைச் சத்தம், கண்ணாடி வளையல்கள்,
அவற்றுக்கு நடுவே தங்கபுஷ்பத்தின் சிரிப்பு.
கவர் என் கையில்தான் இருந்தது.
கட்டைவிரல் அந்த எழுத்தின் மேல் இருந்தது.
"சின்ன வேலதான்" என்றேன்.

பதினோரு நாள் ஆனது.
ஹெட் இறக்கி, வால்வு மாற்றி,
புது பெல்ட்டின் குறிகளைப் புல்லியில் நேர்பார்த்து,
கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு,
மூடுவதற்கு முன்னால்
பெயிண்ட் பேனாவின் மூடியைப்
பல்லால் கடித்துத் திறந்தார் லூர்துசாமி.

பழைய வரிக்குக் கீழே
விரலால் கிரீஸைத் துடைத்துவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:
"எந்தக் கிலோமீட்டர எழுத?"

"தேதிய மட்டும் எழுதுங்கண்ணே."

எழுதினார்.
பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு.