வடக்கு வாசல், சிவப்பு விளக்கு

எட்டு மணிக்கு அவளை வேலைக்கு எடுத்தேன்.
ஔஸ்மா நுல்லே, செவிலி, குழந்தைகள் பிரிவு.
நுல்லே என்றால் எங்கள் மொழியில் பூஜ்யம்.
சோதனைக்கென்றே பிறந்தவளுக்கு
வேறென்ன குடும்பப் பெயர் வைப்பது?

கணக்கு முளைத்தது. அஞ்சல் முகவரி முளைத்தது.
மருந்தலமாரி அவள் அட்டைக்குத் திறந்துகொண்டது.
எட்டு இருபதுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன்:
இனி அவள் ஔஸ்மா சிம்ட்ஸ். சிம்ட்ஸ் என்றால் நூறு.
பூஜ்யத்திலிருந்து நூறுக்கு,
மாப்பிள்ளைகூட இல்லாமல்.
பணியாளர் எண் மட்டும் மாறவில்லை.
மாறக் கூடாது. பச்சை.

தீவிர சிகிச்சைக்கு மாற்றினேன்.
புதுக் கதவுகள் திறந்தன,
பழைய மருந்தலமாரி மூடவில்லை.
வீடு மாறிப் போனவள் இடுப்பில்
பழைய வீட்டுச் சாவி.
பிழை என்று குறித்தேன்.
இதற்குத்தானே சம்பளம்.

பிள்ளைப்பேறு விடுப்பு: முடக்கலாம், அழிக்கக் கூடாது.
ஒன்றரை வருடம் நான்கு நொடியில் கழிந்தது.
திரும்பி வந்தாள். ராஜினாமா செய்தாள்.
மறுபடி எடுத்தேன், அதே எண், அதே ஆள்.
பதினோராவது சோதனைக்குள்
அவளை நினைத்தால் எனக்கே பாவமாக இருந்தது.

பதினான்கு: உடனடி நீக்கம்.
காரணம் கேட்காது, கெடு தராது,
ஒரு நிமிடத்துக்குள் எல்லாக் கதவும் சாத்திவிட வேண்டும்.
நாற்பத்தெட்டு நொடி.
என்னை நானே மெச்சிக்கொண்டு
தேநீருக்கு எழுந்தபோது தொலைபேசி.

வடக்கு வாசலில் ஒருவர் நிற்கிறாராம், வெளியே.
அட்டையை வைத்தால் சிவப்பு.
கொதிகலன் அறை லவ்ரென்திய்.

என் திரையில் இரண்டு ஜன்னல்,
இரண்டுக்கும் ஒரே நீலம்.
ஒன்றில் விளையாட்டு,
மற்றதில் டௌகாவ்பில்ஸ் மருத்துவமனை.
ஔஸ்மாவின் எண்ணை நான் போட்டது மற்றதில்.
அங்கே அந்த எண் அவருடையது.

மேலங்கி எடுக்காமல் ஓடினேன். மைனஸ் பதினாறு.
புருவமெல்லாம் பனி, கம்பளிக் கையுறையில் அட்டை.
"என்னை எடுத்துவிட்டது நீயா?"
நீக்கவில்லை, முடக்கம்தான், என்றேன்.
"அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்."

யார்?

"நான் பிறந்தது அதோ, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.
நான் அசையவே இல்லை. நாடுதான் வேலையை விட்டுப் போனது.
அடுத்து வந்த நாடு ஊதா நிறத்தில் ஒரு பாஸ்போர்ட் தந்தது,
குடிமகன் அல்லாதவர் என்று மேலட்டையிலேயே அச்சிட்டு.
அதற்கு உன் பெட்டியில் என்ன நிறம்?"

பச்சையும் சிவப்பும் தவிர என்னிடம் வேறு இல்லை.

காவலர் திறந்துவிடுவார், உள்ளே வாருங்கள், என்றேன்.
மாட்டாராம். அட்டையால்தான் நுழைவாராம்.

ஓடிப்போய் அவரைத் திரும்ப எடுத்தேன்.
பெயர் வந்தது, அஞ்சல் வந்தது, வாசல் வந்தது.
கொதிகலன் அபாய மணியை நிறுத்தும் உரிமை வரவில்லை.
விதிகளில் தேடினேன். அப்படி ஒன்றே கிடையாது.
பதினைந்து வருடம் முன்பு ஏதோ ஒரு ராத்திரி
யாரோ கையாலேயே கொடுத்திருக்கிறார்கள்,
எங்கும் எழுதி வைக்காமல்.
எழுதாததை எந்திரம் எப்படித் திருப்பிக் கொடுக்கும்?
தொலைபேசியில் அவரையே கேட்டு, நானும் கையாலேயே கொடுத்தேன்.
எழுதி வைத்தேன்.

மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன்.
வாசல் பச்சை காட்டியும் அவர் உள்ளே போகவில்லை.
அட்டையை எடுத்தார், வைத்தார். பச்சை.
எடுத்தார், வைத்தார். பச்சை.
ஏழு தடவை.
எங்கள் நடைமுறைப்படி மூன்றே போதும்.

பன்னிரண்டரைக்கு என் காலடி ரேடியேட்டர்
தொண்டையைச் செருமிக்கொண்டு சூடானது.
இரண்டாம் ஜன்னலின் நீலத்தை
ஊதாவாக மாற்றினேன்.
முதலாவதில் ஔஸ்மா
இன்னும் வேலையில்தான் இருந்தாள், ஒன்றும் அறியாமல்.
பதினான்கை மறுபடி ஓட்ட வேண்டும்.
நாளைக்கு ஓட்டலாம்.