அரிசியளவு உடைசல்

க்ளீதோர்ப்ஸ் கடலோர மைதானத்தில்
ஞாயிறு விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே
கார்களின் டிக்கிகள் திறக்கும்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
பிறர் வீட்டு அட்டைப்பெட்டிகளுக்குள்
முழங்கைவரை இறங்கியிருப்பேன்.
வந்தவர்கள் ஹேண்ட்பிரேக் போடுமுன்
ஜன்னலில் என் முகம்.
எங்கள் கூட்டத்துக்குக் கழுகுகள் என்று பெயர்.
கோபமில்லை. கழுகுக்கும்
பெட்ரோல் செலவு இருக்கிறது.

மீன் தொழிற்சாலையின் வெள்ளைச் சட்டையோடே
இரவு ஷிஃப்ட் முடித்து வந்திருந்தாள் அவள்.
குழந்தை நாற்காலி, டோஸ்டர்,
ஒற்றை ரோலர் ஸ்கேட்,
பக்கத்தில் ஒரு பச்சைக் கண்ணாடி ஜாடி,
அதற்குள் பேனாக்கள்.
கவிழ்த்துப் பார்த்தேன். அடியில்
ஊசியால் கீறியதுபோல்
இரண்டு எழுத்து, ஓர் எண்.
நெஞ்சு துள்ளியது, முகம் துள்ளவில்லை.
இந்த வியாபாரத்துக்கு முகம்தான் முதல்.

முதலில் ஸ்கேட் என்ன விலை என்றேன்.
பிறகு டோஸ்டர்.
பிறகு, போகிறபோக்கில், இது?
"ரெண்டு பவுண்டு. பேனாவும் சேர்த்து."
ஒன்றரைக்குக் கேட்டேன்.
கேட்காமல் வாங்கினால் சந்தேகம் வரும்.
கொடுத்துவிட்டாள்.

வினிகரும் ஒரு பிடி அரிசியும் போட்டுக் குலுக்கி
அடிக்கறையை எடுத்தேன்.
ஜன்னலில் வெள்ளைத்தாள் விரித்து
பதினோரு மணி வெளிச்சத்துக்குக் காத்திருந்தேன்.
பன்னிரண்டு படம்.
'நல்ல நிலை. விளிம்பில் அரிசியளவு உடைசல்,
ஏழாவது படம் பார்க்கவும்.'
பொய் சொல்கிறவனில்லை நான்.
குறையைக் காட்டும் படத்தைத்தான்
மிக அழகாக எடுப்பேன்.

ஆரம்ப விலை தொண்ணூற்றொன்பது பென்ஸ்.
ஆறு நாள் நாற்பதில் தூங்கியது ஏலம்.
ஏழாம் இரவு, எட்டு ஐம்பத்தாறுக்கு,
இரண்டு பேர் விழித்துக்கொண்டார்கள்.
பெயர் கிடையாது, முதலெழுத்தும் மூன்று நட்சத்திரமும்தான்.
ஒருவர் டி. இன்னொருவர் கே.
நூற்றுப் பத்து. நூற்று அறுபது. முந்நூறு.
ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவ ஆளில்லை,
நொடிகள் மட்டும் சிவப்பாகின.
டீயில் ஆடை படிந்தது.
அறுநூற்றுப் பத்து என்றார் டி.
அறுநூற்று இருபதில் முடித்துவிட்டார் கே.
அடிமாட்டு விலைக்கு வாங்கி
யானை விலைக்கு விற்றவன்
நள்ளிரவுவரை உறங்காமல், வேறு யாருமில்லாததால்,
ஃபிரிட்ஜோடு கைகுலுக்கினேன்.

ஜாடி ஆண்ட்வெர்ப்புக்குப் போனது.
ஐந்து நட்சத்திரம். 'பேக்கிங் பிரமாதம்.'

அடுத்த மாதம் அதே மைதானம், அதே வெள்ளைச் சட்டை.
இம்முறை எல்லாவற்றிலும் விலைச்சீட்டு.
ஓடாத கடிகாரம்கூட முப்பது பவுண்டு.
"நீங்கதானே?" என்றாள்.
ஓடிவிடலாமா என்று கால்கள் கேட்டன.
"ஏழாவது படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன்.
அந்த உடைசல் என் கைவேலை. குழாயில இடிச்சது.
அறுநூத்திப் பத்தோட விட்டுட்டேன்.
அது வாடகைப் பணம்."

டோனா என்று சட்டைப்பையில் தைத்திருந்தது.
போன தடவையும் தைத்துத்தான் இருந்திருக்கும்.

அவ்வளவு பிடித்த பொருளை
ஏன் ஒன்றரைக்குக் கொடுத்தீர்கள் என்றேன்.
எனக்கே நாக்கு கூசியது.
அவள் தெர்மோஸைத் திறந்து
மூடியில் ஊற்றி, ஊதி, ஒரு வாய் குடித்தாள்.
"பிடிக்கும்னு யார் சொன்னா?
எங்க வீட்டு ஜன்னல்ல
ஒருநாளும் அது
அவ்வளவு பச்சையா இருந்ததில்ல."

காரில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
அவள் இல்லையென்றால்
ஐம்பதுக்கே வாங்கிப் போயிருப்பார் கே.
மீதி முழுவதும்
இடைவேளையில் கையுறையைக் கழற்றிவிட்டு
மீன்வாடை அடிக்கும் விரலால்
அவள் அழுத்தி அழுத்தி ஏற்றிக் கொடுத்தது.

இறங்கிப் போய்
அந்தக் கடிகாரத்தை முப்பதுக்கே வாங்கினேன்.
பேரம் பேசவில்லை.
வீட்டுக்கு வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல்,
கவிழ்த்துப் பார்த்தேன்
அடியில் ஏதாவது கீறியிருக்கிறதா என்று.