நாலாம் வங்கு

ஏழு வங்குகள், வள்ளத்தின் விலா எலும்புகள்,
பேப்பரில் வெட்டிச் சுவரோடு சாய்த்திருந்தேன்.
நாலாவதை மான் தின்றுவிட்டது.
மூன்றையும் ஐந்தையும் தொடவில்லை, ஏனோ.
கோட்டையிலிருந்து இறங்கி
பஸ் நிலையத்தில் மட்டைப்பெட்டி மெல்லும் கூட்டம்தான்.
கோதுமைமாப் பசையின் ருசி
இராத்திரி உவர்மலை வரைக்கும் ஏறி வந்திருக்கிறது.
பிறகு நாலைக் கண்மட்டத்தில் வெட்டினேன்.

மின்சாரசபையில் காசாளர் நான்.
பில்லை வாங்கு, மீதியைக் கொடு, முத்திரை குத்து.
ஐந்து மணிக்குமேல்
கார் நிற்காத போர்ட்டிகோவில் பதின்மூன்றடி வள்ளம்.

மலைவேம்புப் பலகை கிண்ணியாவில் எடுத்தது.
"மேசைக்கா, அலுமாரிக்கா?" நசுர்தீன் கேட்டார்.
வள்ளத்துக்கு என்றேன்.
"வள்ளமெண்டா பைபர்ல எடுக்கலாமே தங்கச்சி,
ஒரு கிழமையில கடல்ல நிப்பீங்க."
ஒரு கிழமையில் போய் நிற்க எனக்கென்ன அவசரம்.
சொல்லவில்லை. கணு இல்லாத பலகையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிவிசி குழாய்க்குள் பலகை,
வாயடைக்கப் பழைய சாரம்,
கீழே இடியப்பப் பானை கொதிக்கும்.
நாற்பது நிமிடம். இழுத்து, ஓடி, வளைத்து,
கிளாம்ப், கிளாம்ப், மற்றது எங்கே,
எப்போதும் ஒன்று குறையும்.
மார்கழியில் ஒரு பலகை வெடித்தது.
பக்கத்து வீட்டு பெனடிற்றா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
துவக்குச் சத்தம் என்று நினைத்தாளாம்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.
பிறகு அவள் அடுத்த பலகையின் மறுமுனையைப் பிடித்தாள்.
அன்றிரவு பாணும் சம்பலும்.

பதிவுக் கந்தோரில் ஒரு படிவம்.
என்ன மீன்? என்ன வலை?
எஞ்சின் எத்தனை குதிரை?
இல்லை, இல்லை, இல்லவே இல்லை.
அலுவலர் பேனையை மூடினார்.
"அப்ப என்னத்துக்கு?"
"சும்மா."
"சும்மாவுக்குக் கட்டம் இல்லையே மிஸ்."
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
இதே குரலில் நானும் எத்தனை பேரை அனுப்பியிருப்பேன்.
அவரே பிறகு, கட்டங்களுக்கு வெளியே,
ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: சும்மா.
"மேல ஆரும் அழிச்சா எனக்குத் தெரியாது."

நேற்று உட்துறைமுகத்தில் இறக்கினோம்.
அணியம் மிதந்தது. அமரம் மிதந்தது.
இடப்பக்கம் ஒரு விரற்கடை சரிவு,
நாலாம் வங்கு, வேறென்ன.
மூட்டெல்லாம் கசிந்து கணுக்கால் வரை தண்ணீர்.
மரம் முதலில் குடிக்கும், ஊதும், பிறகுதான் வாய் மூடும்.
தெரிந்துதான் ஏறினேன்.
தெரிந்தும் நெஞ்சு படபடவென்று அடித்தது.

தயிர்ச்சட்டியால் அள்ளி அள்ளி ஊற்றினேன்.
கரையில் நின்று பெனடிற்றா எண்ணினாள்.
சீனக்குடாப் பக்கம் கோதுமைக் கப்பலொன்று
அசையாமல் நின்றது. மான்களுக்கு அது தெரியாது.
நூற்றுப் பத்து, நூற்றுப் பதினொன்று, உரத்த குரலில்.
நூற்றுப் பன்னிரண்டு சொல்ல
அவள் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.