கரைத்துண்டு

வூப்பர்ட்டாலில் விடிய முன்பே
என் கை விழித்துவிடும்.
கண் திறக்காமல் தலையணைக்குக் கீழ் துழாவி
கைபேசியை எடுக்கும்.
முதலில் மச்சாளின் செய்தி: சீட்டுக்காசு இன்னும் வரவில்லையாம்.
பிறகு மழை எத்தனை மணிக்கு.
பிறகு கொழும்பில் ஒய்ரோ என்ன விலை.
பிறகு யாரோ ஒருத்தியின் மகளுடைய சாமத்தியவீட்டுப் படங்கள்,
நாற்பத்தாறு.

ஆண்டவரே,
நீர் கட்டிலின் கால்மாட்டில் நின்றீர்,
வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒருகாலம்
நான் நின்றதுபோல,
கையில் இலக்கத் துண்டோடு.

உமக்கென்று நான் ஒதுக்கியது
தொங்குரயிலில் ஐந்து தரிப்பிடம்.
ஆற்றுக்கு மேலே ஆடிப்போகும் பெட்டியில்
சிலுவை போட்டுக்கொள்வேன்.
மூன்றாம் தரிப்பிடத்தில் தூங்கிப்போவேன்.
களைத்தவளை அவர் கோபிக்கமாட்டார் என்று
எனக்கு நானே பாவமன்னிப்பும் கொடுப்பேன்.

கடையில் பாண் வெட்டும் இயந்திரம்.
வெட்டியதும் கரைத்துண்டை எடுத்துப் பக்கத்தில் போடுவது
என் வழக்கம், ஆற்று வாத்துகளுக்கென்று.
கூரை வேய்கிற ஒருவன், விரலெல்லாம் தார்,
எறியாதேயுங்கோ என்றான்.
அதுதானே முதல் துண்டு.
கடைசித் துண்டு என்றல்லவா நினைத்திருந்தேன்.
அவன் சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
அதைக் கடித்தபடியே போய்விட்டான்.

பாணுக்கு இரண்டு கரை.
கத்தி எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பதுதான் கதை.
இருபது வருடமாய் உமக்கு நான் வைத்தது
மற்றப் பக்கத்துக் கரை,
என் நாளை எல்லாரும் தின்று முடித்தபின்.

பின்னேரம் ஃபிராவ் ஹில்ட்னர் பட்டியலோடு வந்தாள்.
ஞாயிறு காலை வேலை, சம்பளத்துக்கு மேல் பாதி.
மூன்று வருடமாய் நான் முந்திக்கொண்டு கையொப்பமிடும் கட்டம்.
ஞாயிறு எனக்கு வேண்டாம் என்றேன்.
டொச்சில் அது மிகச் சின்ன வசனம்.
ஏன் என்றாள்.
கோயில் என்று சொல்ல வெட்கமாயிருந்தது.
சொன்னேன்.
சரி என்று என் பெயரைக் கோடிழுத்து வெட்டினாள்.
அவ்வளவுதான். வானம் திறக்கவில்லை.

திரும்பும்போது கணக்குப் பார்த்தேன்.
மாதம் நூற்றுப்பத்து ஒய்ரோ குறையும்.
மகனுக்குச் சப்பாத்து. மச்சாளின் சீட்டு.
வாயெல்லாம் கைத்தது, உமக்குத் தெரியும்.
மனம் மாறிவிட்டது, வருகிறேன் என்று சொல்ல
இரண்டு தரம் கைபேசியை எடுத்தேன்.
சார்ஜ் இல்லை.
அதை உம்முடைய அற்புதம் என்று சாட்சி சொல்லமாட்டேன்.
நாற்பத்தாறு படமும் பார்த்தவள் நான்.

இன்று நாலு மணி. அலாரம்.
கை போய்விட்டது, தலையணைக்குக் கீழ், பழக்கத்தில்.
விரல் கண்ணாடியில் பட முன்
நிறுத்தினேன்.
நீர்தான் என்றேன்.
வேறு சொல் வரவில்லை.
இருட்டு. ஹீட்டர் குழாயின் முனகல்.
அலாரம் தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து அறையிலிருந்து ஜெரோன் கத்தினான்,
அம்மா, அதை நிப்பாட்டுங்கோ!

பொறடா ராசா,
உனக்கு முன்னால் ஒராள் நிக்கிறார்.