முளை எண் நாற்பத்தேழு

நேற்று அடித்த முளைகளில் பதினொன்று
இன்று காலை இடத்தில் இல்லை.
பிடுங்கி, மண் தட்டி,
எங்கள் பிக்கப்பின் முன்சக்கரத்தருகே
வரிசையாக அடுக்கியிருந்தார்கள்.
பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழம்,
ஈ மொய்க்காமல் துணி மூடி.

"இப்படியொரு சண்டையை நான் பார்த்ததில்லை"
என்றான் ஸ்டாஃப் பிடிக்கும் பெர்னபாஸ்,
கொட்டையைத் துப்பிவிட்டு.

முளை என்றுதான் சொல்கிறோம்
எதுவும் முளைக்காத இரும்புக்கு.
மஞ்சள் தலை, சிவப்பு ரிப்பன்.
ஒவ்வொன்றின் மீதும் ஒரு கோபுரம் வரும்,
சாமி இல்லாத கோபுரம், நாற்பத்தாறு மீட்டர்.
கடலோரத்திலிருந்து வாதி துவைஹாவைத் தாண்டி
மலைக்கு அந்தப் பக்கத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம்.
போகிற வழியில் மேலூருக்கும் கொஞ்சம்.

ஒன்பது மணிக்கு ஊர் வந்தது.
ஊர் என்றால் பதினாலு பேர், இரண்டு கழுதை, ஒரு ஐபேட்.
கல்ஃபான் பின் ஸுவைத் படம் காட்டினார்:
பச்சைத் தண்ணீர், மேலே செம்பாறைச் சரிவு,
அதற்கும் மேலே
அவர் மகள் விரலால் இழுத்த ஆறு கறுப்புக் கோடுகள்.
"எங்கள் வானம் என்ன
பள்ளிக்கூட நோட்டா?" என்றார்.

ஆட்சேபப் படிவம் என் கையில்.
விவசாயம். வீடு. கல்லறை. கிணறு. ஃபலஜ்.
எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க?
சரிவில் ஒரு முள்மரம்கூட இல்லையே.

தேன்கூடு வளர்க்கும் ஷம்ஸாவிடம்
நானே எடுத்துக் கொடுத்தேன்:
தேனீ செத்துப்போகும் என்று எழுதலாம்.

"எதற்குப் பொய்? என் ஈக்களுக்கு ஒன்றும் ஆகாது.
ரொட்டி தட்டும்போது அந்தச் சரிவைப் பார்ப்பேன்.
வெயில் ஏற ஏற அது நிறம் மாறும்.
அவ்வளவுதான். எழுது."

அதற்குக் கட்டம் இல்லை, அம்மா.

"கோடு போட்டுக்கொள்.
கோடு போடத்தானே வந்திருக்கிறாய்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
சிரிக்காதவன் முஹன்னத், மேலூர்க்காரன்.
"ஜெனரேட்டர் நின்று மூன்று நாள்.
என் மகன் நெபுலைசரைக் காரில் சொருகி
மூச்சு விடுகிறான்" என்றான்.
யாரும் அவனை அதட்டவில்லை.
யாரிடமும் பதிலும் இல்லை.
ஷம்ஸா துணியை விலக்கி
தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.
அவன் எடுக்கவில்லை.

காங்கேயத்துக்குக் கிழக்கே
எங்கள் காட்டில் நாலு கால் ஊன்றியபோது
தென்னைக்கு இவ்வளவு, வேம்புக்கு இவ்வளவு என்று
தலை எண்ணிக் கொடுத்தார்கள்.
பார்வைக்கு எவ்வளவு என்று
நாங்கள் கேட்கவில்லை.
கேட்கலாம் என்றே தெரியாது.
அந்தப் பணத்தில்தான் எனக்கு விசா.

ராத்திரி கேம்பில்
ஏசி உறுமலுக்குக் கீழே ஃபீல்டு புக்கைத் திறந்தேன்.
நாற்பத்தேழுக்கு நேரே பென்சிலில்:
உதிர்பாறை. அஸ்திவாரம் நிற்காது.

அது சம்மட்டி தெறிக்கும் பாறை.
பெர்னபாஸின் கட்டைவிரல் இன்னும் வீங்கியிருக்கிறது.
அவன் எட்டிப் பார்த்தான்,
படித்தான்,
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

ஆபீஸ் சம்மதித்தது.
நாற்பத்தேழு மட்டும் நூற்றெண்பது மீட்டர் வடக்கே.
நாற்பத்தாறும் நாற்பத்தெட்டும் அப்படியே.
மறு கணக்குக்கு இரண்டு மாதம்.
இரண்டு மாதம் என்று எழுதிய தாளில்
முஹன்னத்தின் மகன் பெயர் இல்லை,
என் கையெழுத்து இருக்கிறது.

புது இடத்தில் முளையை அடித்துவிட்டு
முதுகை நிமிர்த்தினேன்.
எதிரே நீலக் கதவுள்ள ஒரு வீடு, பூட்டியிருந்தது.
மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிருப்பார்கள்,
ஈதுக்கு வருவார்கள்.

சன்னல் இந்தப் பக்கம்.