முதலாளி பெயர்

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடி.
தடுப்புக்கு இந்தப் பக்கம் வீடு.
அந்தப் பக்கம், கொல்லங்கோடு வரைக்கும்
நான் கழற்றி மாட்டிய நானூறு கேஸ் அடுப்பு.
எதில் எந்தத் திருகு இளகும் என்று
விரலுக்குத் தெரியும்.

நிவாரணப் படிவத்தில்
முதலாளி பெயர் என்று ஒரு கட்டம்.
கோடு போட்டேன்.
கோட்டைக் கம்ப்யூட்டர் ஏற்காதாம்.
சுயதொழில் என்றால் பதிவு எண் வேண்டும்.
ஸ்பேனருக்கு ஏது பதிவு எண்?
தொழில் செய்யும் இடம் சொன்னேன்.
"அது கேரளா. அங்க போய்க் கேளுங்க."
அங்கே போகத்தான் பாஸ் இல்லையே, தங்கச்சி.

வருமானம் நின்றதற்குச் சான்று கேட்டாள்.
போனை நீட்டினேன்:
வத்சலேச்சி நாலு முறை,
முதலமடை டீக்கடை ஏழு,
எடுக்காத அழைப்புகள் முப்பத்தொன்று.
எடுத்து என்ன சொல்ல?
"இது செல்லாதுண்ணா" என்றாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் வத்சலேச்சியின் கணவர்
பர்னரைப் பையில் போட்டுக்கொண்டு
தடுப்புக்கு அப்பால் நின்றார்.
போலீஸ்காரர் பைமேல் மருந்தடித்து
காலால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.
ஊக்கால் குத்தித் துளைகளைத் திறந்தேன்.
இனி நீலமாய் எரியும்.

ஐம்பது ரூபாய், சோப்புத் தண்ணீரில் நனைந்த நோட்டு.
கொடியில் கிளிப் போட்டிருக்கிறேன்.
காய்ந்ததும் இதையும் எழுத வேண்டுமா,
வருமானம் என்ற கட்டத்தில்?